சரியண்ணன் எடுக்காத லீவு

ஒரே ஒரு தடவை முடியாது என்று சொல்லியிருக்கலாம். டிரம்காரருக்குச் சரியண்ணன் மேல் ஒன்பது வருஷமாக இருக்கும் கோபம் இவ்வளவுதான். செத்துப்போனவர் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவருடைய மனைவியும் கேட்டுப் பார்த்துவிட்டாள். ஒன்றும் செய்ய முடியாதுதான். அதனால்தான் அது அப்படியே கிடக்கிறது. எதிரில் நிற்க வைத்துத் திட்டித் தீர்க்க ஆள் இருந்தால் ஒரு கோபம் எதற்கு ஒன்பது வருஷம் தங்கப் போகிறது?

முதலாளி மேல் அவருக்கு அவ்வளவு கோபம் கிடையாது. முதலாளி பணத்தை அமுக்கப் பார்ப்பான், வேலைக்காரன் அதைப் பிடுங்கப் பார்ப்பான். ஆனால் கேட்டபோதெல்லாம் தலையாட்டித் தலையாட்டி, கூட வேலை செய்த நாலு பேரைத் திருடர்களாக்கிவிட்டுப் போன மனிதரை என்ன சொல்வது?

அது ஒரு சலவை ஆலை. வீட்டுத் துணி வராது. ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும்தான். பின்வாசலில் வேன் வந்து மூட்டைகளை உருட்டிவிடும். டிரம்காரர் அதைப் பிரித்து, ஆள் நுழையும் அளவு டிரம்மில் அடைத்து, சோடாவும் கொதிநீரும் விட்டுக் கதவை இறுக்கினால் ஐம்பது நிமிஷம் அது தன்னால் சுற்றும். பிறகு ஈரம் பிழிகிற மெஷினுக்குப் போகும். அதற்கு ஹைட்ரோ என்று பெயர், பார்த்துக்கொள்பவர் ஹைட்ரோக்காரர். பிழிந்த துணி நீராவியில் கொதிக்கும் நீள உருளைக்கு வரும். அதில் துணியைக் கொடுக்கிற ஆள்தான் சரியண்ணன். மறுபக்கம் தகடு மாதிரி வெளியே வருவதைப் பிடித்து அடுக்குவது மடிப்பு அக்கா. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவது வேன்காரர். ஆலையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், போவார்கள். நிலைத்தவர்கள் இந்த ஐந்து பேர்தான்.

சரியண்ணன் துணி கொடுப்பதை நின்று பார்க்கலாம். குவியலுக்குள் கையை விடுவார். பார்க்கவே மாட்டார். விரல் உள்ளேயே துழாவி இரண்டு மூலைகளைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். ஒரு உதறு. உருளையின் வாயில் சுருக்கமில்லாமல் போய்விடும். அந்தச் சூட்டில் பதினேழு வருஷம் நின்று அவருடைய விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. பெருவிரலில் மை தடவி அழுத்தினால் காகிதத்தில் வெறும் கறுப்பு வட்டம்தான் விழும். "நான் கொலை பண்ணினாக்கூட எவனாலயும் பிடிக்க முடியாது, தெரியும்ல?" என்பார். கொசுவைக்கூட உதறித்தான் விடுவார். அடிக்க மாட்டார்.

ஒல்லியான உடம்பு, முன்னால் சற்று வளைந்த கழுத்து. யார் என்ன கேட்டாலும் அந்தக் கழுத்து முதலில் ஆடிவிடும். வாய் பிறகுதான் "சரி" என்று சொல்லும். அதனால் வந்த பெயர் அது. பிள்ளைகள் கிடையாது. அவரும் அண்ணியும் டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்கள். அண்ணி ஒரு கிளினிக்கில் துடைத்துக் கூட்டும் வேலை பார்த்தாள்.

சரியண்ணன் லீவு எடுக்க மாட்டார். கேட்டால், "வீட்ல உக்காந்து செவுத்தைப் பாக்கவா?" என்பார். நிஜமான காரணம் வேறு. டிரம்காரரிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். இங்கே வருவதற்கு முன்னால் ஒரு ஐஸ் ஆலையில் இருந்தாராம். அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று ஆறு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். ஏழாம் நாள் காலையில் போனால், இவர் சட்டையை மாட்டுகிற ஆணியில் வேறொருவன் சட்டை தொங்கியது. யாரும் இவரைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றோடு லீவு என்ற சொல்லே அவருக்கு ஆகாமல் போயிற்று.

தனக்கு ஆகாததை அவர் ஊருக்கு வாரிக் கொடுத்தார். அங்கேதான் வினை.

சலவை ஆலையில் ஆளுக்கு வருஷத்தில் பதினாலு நாள் சம்பளத்தோடு லீவு. ஆனால் ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். திடீரென்று வராமல் போனால் அன்றைய சம்பளம் போகும், அந்த மாசத்து வருகைப்படியும் சேர்ந்து போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்ன ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டா வருகிறது? இதற்குச் சூப்பர்வைசரும் சரியண்ணனும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வருஷம் பிறந்ததும் சரியண்ணன் பதினாலு லீவுச் சீட்டில் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுச் சூப்பர்வைசரின் இழுப்பறையில் வைத்துவிடுவார். யாருக்காவது அவசரம் என்றால் ஒரு சீட்டில் சூப்பர்வைசர் தேதி போடுவார். சரியண்ணன் அன்றைக்கும் வழக்கம்போல வருவார். தன் வருகைக் கார்டைத் தொட மாட்டார். வராதவருடைய கார்டை எடுத்து மெஷினில் அடிப்பார். காகிதத்தில் சரியண்ணன் லீவு, வராதவர் வேலையில். உருளையில் துணி கொடுத்துக்கொண்டே, நடுவில் ஓடிப்போய் டிரம்மையும் நிரப்பிவிட்டு வருவார் சரியண்ணன். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் சூப்பர்வைசருக்கு என்ன வலிக்கிறது?

டிரம்காரர் முதல் தடவை போய் நின்றது மகள் பிறந்தபோது.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள்..."

கழுத்து ஆடியாயிற்று. "சரி, போ."

"எதுக்குன்னு கேக்கவே இல்லையே?"

"கேட்டா மட்டும் வேண்டாம்னு சொல்லப் போறியா? டிரம் மூடியில கசிவு இருக்கு, அதை மட்டும் காட்டிட்டுப் போ. என்மேல கொட்டிடப் போகுது."

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. மகளுக்குத் தடுப்பூசி, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரிசை, மாமனார் படுத்த படுக்கை, வீடு மாற்றம். ஒன்றிரண்டு நாள் சும்மா அலுப்பாக இருக்கிறது என்றுகூட. மற்றவர்களும் அப்படித்தான். மடிப்பு அக்காவுக்கு ஒரு முழங்கால் கெட்டுப்போய் வருஷத்தில் நாலைந்து நாள் எழுந்திருக்கவே முடியாது. ஹைட்ரோக்காரருக்குக் குடி. வேன்காரருக்கு இரண்டு வீடு, இரண்டு வீட்டிலும் சண்டை.

எல்லாருக்கும் சம்பளம் குறையாமல் வந்தது. யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தார்கள். எடுக்காத லீவு வருஷத்துக்கு வருஷம் சேரும், வேலை போகும்போது அது சம்பளமாகக் கையில் வரும் என்று ஒரு விதி இருந்தது. அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆலை மூடும் என்று எவன் கண்டான்?

மூடினார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் வாசலில் சங்கிலி போட்டிருந்தது. கதவில் ஒரு காகிதம். ஆஸ்பத்திரி ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விட்டதாம், மறு அறிவிப்பு வரும்வரை வேலை இல்லையாம். இரண்டரை மாசச் சம்பளம் அதற்கு முன்பே பாக்கி. ஆஸ்பத்திரி பில் வரட்டும், பில் வரட்டும் என்று முதலாளி இழுத்துக்கொண்டே வந்திருந்தார். சனிக்கிழமை டிரம்காரர் போட்ட துணி ஈரத்தோடு உள்ளேயே கிடந்தது. ஒரு வாரத்தில் அது நாற ஆரம்பித்துத் தெருவரை வீசியது. டிரம்காரர் ஏதாவது சாக்கு வைத்து அந்தப் பக்கம் போய், சுவரோரம் நின்று அந்த நாற்றத்தைப் பிடித்துவிட்டு வருவார். தான் போட்ட துணி ஆயிற்றே.

தொழிலாளர் ஆபீஸ் இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரப் பெண்தான் மனு எழுதிக் கொடுத்தாள். கடைசியாகச் சம்பளம் வாங்கிய தேதி, பாக்கிச் சம்பளம், எடுக்காத லீவு என்று வரிசையாகக் கேட்டாள். சரியண்ணன் முறை வந்தபோது, "எத்தனை நாள் எடுக்கலை?" என்றாள்.

"ஒரு நாளும் எடுக்கலைம்மா."

"பதினேழு வருஷத்துலயுமா?" அவள் பேனாவை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். "இருநூத்தி முப்பத்தெட்டு நாள் வருது. ஐயோ, நீங்க பணக்காரர் சார்!"

அண்ணி அப்போது பக்கத்தில்தான் நின்றாள். டயர் கடைப் பின்னறைக்கு ஐந்து மாச வாடகை நின்றுபோயிருந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியாயிற்று. சரியண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது, மாடி ஏறினால் மூச்சு முட்டும், புதிதாக எவன் வேலை கொடுப்பான்? அந்தத் தொகையைக் கேட்டதும் அண்ணியின் முகம் மலர்ந்ததை டிரம்காரர் பார்த்தார். அவ்வளவு வருஷத்தில் அந்த முகம் அப்படி ஆனதை அவர் பார்த்ததே இல்லை.

நாலு மாசம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி வரவில்லை. அவருடைய கணக்கர் ஒரு பெரிய பையோடு வந்தார். சரியண்ணன் வராந்தாக் கோடியில் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துப் பெஞ்சுக்கு வந்து, ரொம்ப வேண்டியவர் மாதிரி உட்கார்ந்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். லீவு விஷயத்துல அவர் என்னமோ கதை சொல்லப் போறாராம். வராத நாளைக்கு வந்ததா கார்டு அடிச்சா அதுக்குப் பேரு மோசடி. உங்கள்ல ஒருத்தர் அதை ஒத்துக்கிட்டாலும் எல்லார் லீவுப் பணமும் போச்சு. சம்பளமும் சேர்ந்து போச்சு. அதுக்கப்புறம் போலீஸ் வேற. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதீங்க."

எழுந்து போய்விட்டார். சரியண்ணன் பாட்டிலில் தண்ணீரோடு வந்தார். "என்ன, எல்லாரும் உர்ருன்னு இருக்கீங்க? உள்ள போய்ப் பணம் வாங்கப் போறோமா, இல்ல பல்லு புடுங்கப் போறோமா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

டிரம்காரரின் மகளுக்கு அந்த வருஷம்தான் நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்குக் கெடு வைத்திருந்தார்கள். இதை அவர் சமாதானமாகச் சொல்லிக்கொள்வதில்லை. அன்றைக்கு மண்டைக்குள் என்ன ஓடியது என்று கேட்டால் அதுதான் ஓடியது.

ஆபீசர் ஒரு அம்மா. கண்ணாடி போட்ட, தூக்கம் போதாத முகம். மேஜையில் லீவுச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாகக் கணக்கர் அடுக்கி வைத்திருந்தார்.

"எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க," என்றார் சரியண்ணன்.

"வருஷத்துக்குப் பதினாலு சீட்டு. ஒண்ணுகூட மிச்சமில்லை. அப்புறம் எப்படி எடுக்காத லீவுன்னு எழுதியிருக்கீங்க?"

"எடுக்கலைங்க. அன்னைக்கெல்லாம் வேலைக்கு வந்தேன்."

"லீவு சீட்டு குடுத்துட்டு வேலைக்கு எதுக்கு வந்தீங்க?"

சரியண்ணன் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். அந்த அம்மாவும் பார்த்தாள்.

"நீங்கல்லாம் இவர்கூட வேலை செஞ்சவங்கதானே? இவர் சொல்றது நிஜமா?"

மடிப்பு அக்கா முந்தானையின் ஓரத்தை எடுத்து நாலாக மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். ஹைட்ரோக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். வேன்காரர் செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தவர் நிமிரவே இல்லை. டிரம்காரருக்கு வாய் வரை வந்தது. வந்ததோடு சரி.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் எழுதியாகணும்," என்றாள் அந்த அம்மா. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வாசலுக்கு வெளியே யாரோ யாரையோ மூன்று தடவை கூப்பிட்டது கேட்டது. அவ்வளவு நேரம் காத்திருந்தாள்.

"விடுங்கம்மா," என்றார் சரியண்ணன். "நான்தான் தப்பா எழுதிட்டேன். லீவு எடுத்துட்டேன்."

"எடுத்தீங்களா?"

"எடுத்தேங்க."

பெஞ்சில் நாலு பேருக்கும் மூச்சு வந்தது. டிரம்காரருக்கும்தான் வந்தது. அந்த மூச்சை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் காறித் துப்பத் தோன்றும்.

படியிறங்கும்போது அண்ணி ஊர் கேட்கக் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியபடியே கேட்டாள். "லீவு எடுத்தீங்களா? இருநூத்தி முப்பத்தெட்டு நாளும் எடுத்தீங்களா? என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க? சொல்லுங்க, எந்தக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனீங்க?" சரியண்ணன் மூச்சு வாங்க நிற்கிற மாதிரி படியில் நின்றுகொண்டார். பின்னால் வந்த நாலு பேரும் அவரைத் தாண்டிப் போக முடியாமல் மேலேயே நின்றார்கள்.

உத்தரவு வந்தது. ஐந்து பேருக்கும் இரண்டரை மாசச் சம்பளம். நாலு பேருக்கு லீவுப் பணம். சரியண்ணன் பெயருக்கு நேராக லீவு என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே சின்ன எழுத்தில், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

டிரம்காரர் அந்தச் சின்ன எழுத்தைப் படித்தார். நாலாம் வகுப்புப் படிப்புதான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் அதை நாலைந்து தடவை படித்தார். அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டார். போய்ச் சொல்லிவிடுவது. கார்டு மாற்றி அடித்ததைச் சொல்லிவிடுவது. ஆனால் செக் கைக்கு வரட்டும். வந்து, பாங்கில் மாறட்டும். மாறிய பணத்தை எவனால் திரும்பப் பிடுங்க முடியும்? கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டார். மனைவியிடம்கூடச் சொன்னார், அவளும் தலையாட்டினாள்.

முதலாளி இருபத்தொன்பதாம் நாள்தான் செக்கை நீட்டினார். பாங்கில் போட்டால் நடுவில் ஞாயிற்றுக்கிழமை. பணம் மாறியது முப்பத்து மூன்றாம் நாள். அன்றைக்கு மாலை மகளின் கட்டணத்தைக் கட்டினார். மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இரண்டாம் மாடி ஏறினார்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். இழுப்பறையில் இருந்த சீட்டு, கார்டு அடிக்கிற விதம், யார் யார், எல்லாம். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு முப்பத்தி நாலாம் நாள்."

"நாலு நாள்தானேம்மா?"

"நாலு நாள்னாலும் நாலு வருஷம்னாலும் என்னால இதைத் திறக்க முடியாதுங்க. மேல் ஆபீசுக்குப் போகலாம். வக்கீல் வைக்கணும். ரெண்டு வருஷம் ஆகும்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "அன்னைக்கு ஏன் சொல்லலை?"

கணக்கர் சொன்னதைச் சொன்னார் டிரம்காரர்.

"சம்பளத்தை எப்படிங்க நிறுத்துவாங்க? வேலை செஞ்சிருக்கீங்கள்ல? சீட்டை வாங்கிப் பூட்டி வச்சது அவங்க சூப்பர்வைசர். கையெழுத்து ஒரு மை, தேதி வேற மை. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். யாராவது ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேன். அதிகமாப் போனா, அவர்கிட்ட நீங்க வாங்கின நாளை உங்க கணக்குல கழிச்சு அவர் கணக்குல சேத்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்."

டிரம்காரர் எழுந்தார். கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"நான் அன்னைக்கு உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன்," என்றாள் அந்த அம்மா. "நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

நேராக பாங்குக்குப் போய் மீதி இருந்ததை வழித்து எடுத்தார். போதவில்லை. சைக்கிளை விற்றார். தான் சரியண்ணனிடம் வாங்கியது எத்தனை நாள் என்று நினைவிலிருந்து எண்ணியதில் இருபத்தைந்து வந்தது. இருபத்தைந்து நாள் சம்பளத்தை ஒரு உறையில் போட்டுக்கொண்டு டயர் கடைக்குப் பின்னால் போனால், அறை பூட்டியிருந்தது. டயர் கடைக்காரர் உள்ளேயிருந்தே, "பெரியாஸ்பத்திரி, மூணாவது வார்டு. நாலு நாளாச்சு," என்றார்.

மூக்கில் குழாயோடு சரியண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துணிப் பஞ்சும் நீராவியும் நுரையீரலைத் தின்றுவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி ஸ்டூலில் இருந்தாள், எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

"வா டிரம்மு," என்றார் சரியண்ணன். படுக்கை விரிப்பைத் தடவிக் காட்டினார். "எவனோ புதுசா போட்டிருக்கான் பாரு. ஓரத்துல சுருட்டிக்கிட்டு நிக்குது. காசு வாங்கிட்டு இப்படியா போடுவான்?"

டிரம்காரர் உறையை அண்ணியிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "இது இவர் பணம் தம்பி. இதுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்," என்றாள்.

"சொல்லாதீங்க அண்ணி."

ஆபீசில் நடந்ததைச் சொன்னார். செக் மாறட்டும் என்று காத்திருந்ததையும் மறைக்காமல் சொன்னார். சரியண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிக்கப் போனார், அது இருமலாகப் போய் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதைப் பார்க்கப் பார்க்க டிரம்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளி என்றும் பாராமல் கத்திவிட்டார்.

"ஒரு தடவை முடியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல? ஒரே ஒரு தடவை! அங்கயாவது எங்களைக் காட்டிக் குடுத்திருக்கலாமில்ல? உங்களை யாரு இப்படித் தலையாட்டச் சொன்னது?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சரியண்ணன் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"முடியாதுன்னு சொன்னா உங்கள்ல யாரு என்கிட்ட வருவா? வந்து அண்ணேன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பீங்க. நல்லா இருக்கும்டா அது. எனக்கு வேற யாரு வந்தா?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எத்தனை நாளுக்குக் கொண்டு வந்தே?"

"இருபத்தஞ்சு."

"முப்பத்தொண்ணு." யோசிக்கவே இல்லை அவர். "உன் கொழுந்தியா வந்திருந்தப்ப மூணு நாள் எடுத்தியே, விட்டுட்டே. அப்புறம் மழையில சுவர் விழுந்துச்சே, அது மூணு."

இத்தனை வருஷமும் ஏதோ கண்ணை மூடிக்கொண்டு தருகிறார் என்றல்லவா நினைத்திருந்தார்கள். "மிச்சம் ஆறு நாளுக்கும் கொண்டு வந்துடறேண்ணே. பத்து நாள் டைம் குடுங்க."

"பணமா வேண்டாம்." கையைத் தூக்கி அண்ணியைக் காட்டினார். "இந்த வார்டுல கூட ஆள் இருக்கணும்கிறாங்க. மருந்து வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போக. நாலு நாளா இவ கிளினிக்குக்குப் போகலை. நாளையோட அஞ்சு. அந்த இடத்துல வேற ஒரு பொம்பளையை நிறுத்திடுவாங்க. எனக்குத் தெரியும், சொல்லிட்டெல்லாம் நிறுத்த மாட்டாங்க. எனக்கப்புறம் இவளுக்கு இருக்கிறது அந்தத் தொடப்பம் ஒண்ணுதான்."

"நான் இருக்கேண்ணே. நாளைக்கு நான் வர்றேன்."

"நீ ஆறு நாள் வா. உன் கணக்கு அதோட தீர்ந்துது." மூச்சு வாங்கினார். "ஹைட்ரோகிட்ட நாப்பத்தி நாலு இருக்கு. வேன்காரன்கிட்ட முப்பத்தெட்டு. மடிப்பு அக்காகிட்ட அம்பத்திரெண்டு. முன்னாடியே நின்னு போனவங்களை விடு, எங்க தேடுவே. இவங்க மூணு பேர்கிட்டயும் போ."

"போய்?"

"பணம் கேக்காதே. பணம்னா ஓடி ஒளிவானுங்க. என் நாளைக் கேளு. எல்லாத்தையும் கேக்க வேண்டாம், அவ்வளவு எனக்குத் தேவைப்படாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆளுக்கு ஒரு அஞ்சு நாள் கேளு. சரியண்ணன் கேட்டார்னு சொல்லு. முதல்ல அக்காகிட்ட போ, அவளுக்கு உக்காந்த இடத்துல இருக்கிற வேலைதான் இது, முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாது. உன் ஆறு நாள் முடிஞ்சு வர்ற புதன்கிழமை காலைல ஆறரைக்கு இங்க இருக்கணும், உங்க அண்ணிக்கு ஏழு மணிக்குப் பஸ். வர முடியாதுன்னு சொன்னா, என்கிட்ட வந்து சொல்லாதே. நீ அங்கேயே உக்காந்து கேட்டுக்கிட்டே இரு."